எதிர்ப் பின்னூட்டமும் தாத்தாவின் வால்வு ஆம்பிளிபயரும்

போன செமஸ்டர் லேப் வைவாவில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்விதான். "நெகட்டிவ் ஃபீட்பேக் கொடுத்தால் கெயின் குறையும் என்று எழுதியிருக்கிறாய். காசு செலவழித்து சர்க்யூட் கட்டி, சிக்னலைப் பெருக்கு பெருக்கு என்று பெருக்கிவிட்டு, பிறகு அதை ஏனப்பா வேண்டுமென்றே குறைக்கிறாய்?"

நான் சூத்திரத்தைச் சொன்னேன். "சூத்திரம் புத்தகத்திலேயே இருக்கிறது, காரணத்தைச் சொல்" என்றார் வந்திருந்த எக்ஸாமினர். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவன் (பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்) தரையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே மார்க்.

விடை எனக்குக் கிடைத்தது மூன்று மாதம் கழித்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பரணில். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் தைரியமாக உள்ளே வரலாம், ஒரு கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

தாத்தாவும் மைக் செட்டும்

என் தாத்தாவுக்கு இப்போது வயது 82. மாட வீதிக்குப் பக்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ், கட்சிக் கூட்டம், பங்குனித் திருவிழா எல்லாவற்றுக்கும் ஹாரன் கட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் மைக் செட் என்றால் வால்வு ஆம்பிளிபயர்தான். காந்தியும் நேருவும் பேசும் பழைய போட்டோக்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சிகாகோ, கம்பெனி பம்பாய்க்காரர்களுடையது. அந்த மைக்குகளுக்குப் பின்னால் இருந்ததும் வால்வுகள்தான். பிறகு பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (நம்ம சுஜாதா வேலை பார்த்த அதே 'பெல்') இங்கேயே வால்வு செய்ய ஆரம்பித்தது.

தாத்தாவின் ஆம்பிளிபயர் 1968-ல் பழசாக வாங்கியது. முன்னால் ஈசிசி 83 வால்வுகள், கடைசியில் இரண்டு இஎல் 34. முப்பது வாட். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இரண்டு பெரிய டிரான்ஸ்பார்மர். 1980-களின் கடைசியில் டிரான்சிஸ்டர் செட் வந்ததும் அது பரண் ஏறிவிட்டது. கடையும் பிறகு போய்விட்டது. ஆனால் எடைக்குப் போடச் சொன்னால் மட்டும் தாத்தாவுக்குக் கோபம் வரும்.

லீவில் சும்மா இருக்கும்போது அதை இறக்கலாமா என்று கேட்டேன். "எறக்கு. ஆனா கை வெச்சுக்காத, நானூறு வோல்ட்டு. கரண்ட்டைப் புடுங்கினாலும் கெப்பாசிடர் அடிக்கும்" என்றார். எங்கள் ஃபேக்கல்டி யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாற்பது டிகிரி வெயிலில் அலைந்து புதுக் கெப்பாசிடர்கள் வாங்கினேன். வால்வு என்று கேட்டால் தண்ணிக் குழாய்க் கடைக்கு வழி சொல்லாத குறை. நல்லவேளை, தாத்தாவின் வால்வுகள் உயிரோடுதான் இருந்தன. தி.நகரிலிருந்து நண்பன் ஒருவன் லேப்டாப்பில் மாட்டும் யூஎஸ்பி சிஆர்ஓ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். சீரியஸில் ஒரு குண்டு பல்பு போட்டு (ஷார்ட் இருந்தால் பல்பு மட்டும் எரியும், செட் பிழைக்கும்) ஸ்விட்சைப் போட்டோம். அரை நிமிடத்தில் வால்வுகளில் இளம் சிவப்பு ஏறியது. முப்பது வருஷத் தூசி சூடாகும் வாசனை. ஸ்பீக்கரில் பாட்டு வந்தது!

வந்தது, ஆனால் நன்றாக இல்லை. கரகர. பாஸ் வந்த இடமெல்லாம் தொளதொள என்று ஒரு 'பூம்'. கூடவே ஒரு ஹம்.

அறுந்து தொங்கிய ஒரு கால்

ஆம்பிளிபயரைக் கவிழ்த்து வயரிங்கைப் பார்த்தபோது நண்பன்தான் கண்டுபிடித்தான். முதல் வால்வின் கேத்தோடில் ஒரு ரெசிஸ்டர் மாட்டியிருந்தது. அதன் இன்னொரு கால் எங்கேயும் போகவில்லை, கட்டிங் பிளேயரால் நறுக்கப்பட்டு அந்தரத்தில் நின்றது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் வந்து, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஓரமாக மடக்கப்பட்டிருந்தது.

அவுட்புட்டிலிருந்து ஒரு ஒயர், முதல் வால்வின் கேத்தோடுக்கு. ஃபீட்பேக்! மூன்று மாதம் முன்பு என்னைச் சீலிங் ஃபேனைப் பார்க்க வைத்த அதே விஷயம். யாரோ அதை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் பெரிய என்ஜினியர்கள் இல்லையா, உடனே ஒயரைச் சால்டர் செய்து ஸ்விட்சைப் போட்டோம். வால்வு சூடானதும், ஊஊஊ என்று ஓர் ஊளை! ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போல. தெருநாய் பதிலுக்குக் குரைத்தது. உள்ளறையில் படுத்திருந்த தாத்தா (காது கேட்காது, மெஷினையும் கழற்றி வைத்திருந்தார்) எழுந்து வந்துவிட்டார்.

"இதே சத்தம்தான்டா! எழுபத்தொம்பதுல இதே சத்தம்தான் வந்துச்சு! அதான் அந்த ஒயரை வெட்டி வுட்டேன்."

வெட்டியது தாத்தாவேதான். 1979-ல் ஒரு கல்யாணத்தில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. காயில் சுற்றுபவரிடம் கொடுத்துத் திரும்பச் சுற்றி வாங்கி மாட்டினால் ஒரே ஊளை. மறுநாள் விடியற்காலை வேறொரு கல்யாணம். ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்திருக்கிறார். இந்த ஒயரைக் கழற்றியதும் ஊளை நின்றது. அதுமட்டுமல்ல, சத்தம் முன்பைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. "பவர் ஏறிடுச்சுடா! கம்பெனிக்காரன் எதுக்கு இந்த ஒயரைப் போட்டு அமுக்கி வெச்சிருந்தான்னு நெனச்சேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. எக்ஸாமினர் கேட்டதும் இதே கேள்விதானே. எதுக்கு அமுக்கி வைக்கிறான்?

எதுக்கு அமுக்கி வைக்கிறான்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஃபீட்பேக் என்றால் நமக்குத் தெரிந்தது சபாவில் மைக் கீச்சென்று கத்துவது. ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போய்... இது நேர்ப் பின்னூட்டம். திரும்பி வருவது இருப்பதோடு கூடிக்கொண்டே போகிறது. எதிர்ப் பின்னூட்டத்தில் திரும்பி வருவது கழிக்கப்படுகிறது. ஒரே ஒயர்தான், கூட்டலா கழித்தலா என்பதுதான் வித்தியாசம்.

இப்போது கணக்கு. ஒரு ஆம்பிளிபயர் உள்ளே வருவதை 100 மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வோல்ட் வெளியே வரவேண்டுமானால் 0.1 வோல்ட் உள்ளே கொடுத்தால் போதும். இப்போது வெளியே வருவதில் நூற்றுக்கு ஒன்பது பங்கை, அதாவது 0.9 வோல்ட்டை எடுத்து, உள்ளே வருவதிலிருந்து கழிக்கிறோம். அப்படியானால் அதே 10 வோல்ட்டுக்கு நாம் 1 வோல்ட் கொடுக்க வேண்டும். ஒன்றில் 0.9 போனால் மிச்சம் 0.1. அது நூறு மடங்காகி 10. ஆக நூறு மடங்கு ஆம்பிளிபயர் பத்து மடங்கு ஆம்பிளிபயராகிவிட்டது. நஷ்டம்தான்.

வால்வு கிழடாகி, பெருக்கம் நூறிலிருந்து ஐம்பதாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். பின்னூட்டம் இல்லாவிட்டால் சத்தம் நேர் பாதி. பின்னூட்டம் இருந்தால்? வெளியே வருவது குறைய ஆரம்பித்ததும் திரும்பி வந்து கழிவதும் குறைகிறது. கழிவது குறைந்தால் மிச்சம் கூடுகிறது. மிச்சம் கூடினால் வால்வு அதிகமாகத் தள்ளுகிறது. 1 வோல்ட் உள்ளே போட்டால் கணக்குப்படி 9.09 வோல்ட் வெளியே வரும் (0.818 கழிந்து 0.182 மிச்சம், ஐம்பது மடங்கு. சரிபார்த்துக்கொள்ளுங்கள்). வால்வின் பலம் பாதியாகிவிட்டது, வெளியே தெரிந்ததோ ஒன்பது சதவிகித இறக்கம்தான்!

கரகரப்புக்கும் இதே கதை. வால்வு தானாகச் சேர்க்கும் கோணல் அவுட்புட்டில் இருக்கும், இன்புட்டில் இருக்காது. அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து கழிக்கும்போது பாட்டோடு சேர்ந்து அந்தக் கோணலும் தலைகீழாக உள்ளே போகிறது. வால்வு வலப்பக்கம் கோணும் என்றால் அதற்குக் கிடைக்கும் சிக்னலே இடப்பக்கம் கோணலாக வரும். இரண்டும் கிட்டத்தட்ட அடித்துக்கொண்டு போகும். மேலே சொன்ன கணக்கில் ஐந்து சதவிகிதக் கோணல் அரை சதவிகிதமாகிவிடும். கெயின் எத்தனை மடங்கு குறைகிறதோ, கோணலும் ஏறத்தாழ அத்தனை மடங்கு குறையும். இதுதான் பேரம்.

பேரம் லாபமா என்றால், கெயின் மலிவான சரக்கு. இன்னொரு வால்வு போட்டால் இன்னும் ஐம்பது மடங்கு வந்துவிடும். நேராகப் பெருக்குவதுதான் கடையில் கிடைக்காது.

இதை முதலில் கண்டவர் அமெரிக்காவில் டெலிபோன் ஆராய்ச்சியில் இருந்த ஹரால்ட் பிளாக். கண்டம் முழுக்க டெலிபோன் லைன் போகவேண்டும், வழியில் ஆம்பிளிபயர் வரிசை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கோணினால் கடைசியில் பேச்சே புரியாது. வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து ஆபீஸ் போகும்போது, திடீரென்று விளங்கியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பரிலேயே படம் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். 1928-ல் பேட்டண்ட் கேட்டார், கிடைத்தது 1937 டிசம்பரில். ஒன்பது வருஷத்துக்கு மேல்! பெருக்கியதை வேண்டுமென்றே குறைக்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் யார் உடனே நம்புவார்கள்? பேட்டண்ட் ஆபீஸ்காரர்களே தாத்தா கட்சி என்றால், நான் ஃபேனைப் பார்த்ததில் என்ன தப்பு?

தேரும் முட்டுக்கட்டையும்

சரி, அப்படியானால் தாத்தாவின் ஆம்பிளிபயர் ஏன் ஊளையிட்டது? இதைத் தாத்தாவுக்கு விளக்க வேண்டும். சூத்திரம் உதவாது. பங்குனித் தேர் உதவியது.

கபாலீஸ்வரர் தேர் மாட வீதியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் இழுக்க மட்டும்தான் செய்வார்கள். அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்குக் கிட்டே முட்டுக்கட்டையோடு நடப்பவர்கள்தான் அதைத் திருப்புகிறார்கள். தேர் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் பார்த்ததும் அதற்கு ஏற்ற சக்கரத்தில் கட்டையைக் கொடுத்து மறுபக்கம் திருப்புவார்கள். ஒவ்வொரு கட்டையும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் கட்டை இல்லாவிட்டால் தேர் நேராக யார் வீட்டுத் திண்ணைக்குப் போகுமோ தெரியாது. நாம் பேச்சில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். பாவம், தேர் நிலைக்கு வந்து சேர்வதே முட்டுக்கட்டையால்தான்.

இப்போது முட்டுக்கட்டைக்காரர் தப்பான சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தால்? தேர் வலப்பக்கம் ஒதுங்கும்போது இன்னும் வலப்பக்கம் திருப்பிவிடுவார். முன்பைவிட வேகமாகத் தப்பான பக்கம் போகும். அதுதான் அந்த ஊளை. டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றியவர் இரண்டு பிளேட் ஒயர்களில் இதை அங்கும் அதை இங்கும் வைத்துக் கொடுத்திருக்கிறார். பாட்டு கேட்பதற்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் திரும்பி வரும் சிக்னல் தலைகீழாகிவிடும். கழிய வேண்டியது கூடிவிட்டது.

செய்ய வேண்டியது என்ன? இரண்டு இஎல் 34-களுக்குப் போகும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும். அவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

செய்தோம். ஸ்விட்ச். அமைதி. ஊளை இல்லை, பழைய ஹம்மும் பெரும்பாலும் போய்விட்டது. பாட்டு போட்டால் சத்தம் கம்மி, ஆனால் சுத்தம்!

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். சிஆர்ஓவில் பார்த்தால் கோடு தடிமனாக, மீசை வைத்தது போல் இருந்தது. காதுக்கு எட்டாத உயரத்தில், 60 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஆம்பிளிபயர் இன்னும் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது. காரணம் தாமதம். டிரான்ஸ்பார்மர் வழியாகப் போகும் சிக்னல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். குறைந்த அதிர்வெண்ணில் அது பொருட்டே இல்லை. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அந்தத் தாமதமே அலையின் பாதி நீளத்துக்குச் சமமாகி, கழித்தல் கூட்டலாக மாறிவிடும். தேர் நிமிர்ந்த பிறகு கட்டையைக் கொடுத்தால் அது மறுபக்கம் இழுக்குமே, அது மாதிரி. எப்போது ஊளையிடும், எப்போது இடாது என்பதற்கு 1932-ல் நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் பதினாறு மார்க்குக்கு வரும் அதே நைக்விஸ்ட்தான். ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 470 பிக்கோஃபாரட் கெப்பாசிடர் ஒன்றைப் போட்டதும் மீசை மழிந்தது.

பிரிட்டனில் 1947-ல் வில்லியம்சன் என்பவர் ஒயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் ஒரு வால்வு ஆம்பிளிபயர் வெளியிட்டார். 20 டெசிபெல் பின்னூட்டம், அதாவது நம் கணக்கில் வந்த அதே பத்து மடங்கு. 15 வாட்டில் கோணல் 0.1 சதவிகிதத்துக்கும் கீழே. ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கறார். ஏன் என்று இப்போது புரிகிறது. டிரான்ஸ்பார்மர் சரியில்லை என்றால் அவ்வளவு பின்னூட்டம் போடவே முடியாது.

பின்னூட்டம் சர்வரோக நிவாரணியும் இல்லை. முப்பது வாட் செட்டில் ஐம்பது வாட் கேட்டால் வால்வால் முடியாது. எவ்வளவு திருப்பிக் கழித்தாலும் இல்லாத பலம் வராது, அலையின் தலை வெட்டுப்படும். பின்னூட்டம் இருந்தால் அந்த வெட்டு இன்னும் கூர்மையாகவே தெரியும். கொஞ்சமாகப் பின்னூட்டம் போட்டால் சின்னக் கோணல்கள் குறையும்போதே, முன்பு இல்லாத உயர்ந்த சுரங்கள் மெலிதாகப் புதிதாக முளைக்கும். அதனால் பின்னூட்டமே வேண்டாம் என்று ட்ரையோடு வால்வு வைத்துக் கேட்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவர்களோடு சண்டை போட நான் தயாரில்லை. ஆனால் தாத்தாவின் இஎல் 34 பென்டோடு. அதற்குப் பின்னூட்டம் இல்லாமல் சரிப்படாது.

பிறகு அடையாறில் எங்கள் கல்லூரி லேபுக்கு ஆட்டோவில் எடுத்துப் போய் அளந்தும் பார்த்தோம். ஒயர் இல்லாமல் 5 வாட்டில் 4 சதவிகிதக் கோணல். ஒயர் போட்டால் 0.7. கெயின் ஆறில் ஒரு பங்காக இறங்கியது. கோணலும் அப்படியே. புத்தகம் பொய் சொல்லவில்லை.

தாத்தா சொன்னது

இத்தனையும் தாத்தாவுக்கு விளக்கிச் சொன்னேன். தேர்க் கதை வரை சிரித்துக்கொண்டு கேட்டார். "ரெண்டு ஒயரை மாத்தினா போதும், தாத்தா" என்று சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதுதான் தோன்றியது.

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவுக்குத் தாத்தாதான் வருஷா வருஷம் மார்கழியில் மைக் வைப்பார். காசு பெரிசில்லை, ஆனால் அவருக்கு அது கௌரவம். தெருமுனையில் ஹாரன் கட்டுகிற ஆளுக்கு வித்வான்களின் முன்னால் மைக் வைக்கிற இடம். 1979 மார்கழியில் ஒரு வித்வான் கச்சேரி முடிந்து, "என்னப்பா, என் குரலே எனக்கு அன்னியமா இருக்கே, கரகரன்னு. தம்புராவே கேக்கலை" என்றாராம். தாத்தாவுக்குக் கோபம். "பவர் ஏத்தி வெச்சிருக்கேன், அவுரு தொண்டை கரகரன்னா நான் இன்னா பண்ண?" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் சபா வேறு ஆளை வைத்துக்கொண்டது. தாத்தா அதற்குப் பிறகு எந்தச் சபாவுக்குள்ளும் கால் வைக்கவில்லை. மார்கழியில் வீட்டில் ரேடியோவில் கச்சேரி வைத்தால்கூட எழுந்து போய்விடுவார். ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசன் சரியாத்தான்டா சொல்லியிருக்காரு" என்றார். "காயில் கட்டினவன் ரெண்டு ஒயரை மாத்தி வெச்சான். நான் நாப்பத்தஞ்சு வருசமா பாடினவரு மேல கோவமா இருந்துட்டேன்."

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரே ராத்திரியில நீ என்ன பண்ண முடியும் தாத்தா, சிஆர்ஓ கூட இல்லாம" என்றேன். "சிஆர்ஓ எதுக்கு? அவுரு சொன்னப்போ காது குடுத்துக் கேட்டிருந்தா மறுநாளே பிரிச்சுப் பாத்திருப்பேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சீர்காழி பாட்டு ஒண்ணு போடு" என்றார். போனிலிருந்து ஒயர் கொடுத்துப் போட்டேன். தாத்தா காது மெஷினை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கருக்குக் கிட்டே உட்கார்ந்தார். இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று கையைக் குவித்துக் காதோடு வைத்தார். மெஷின் 'கீ' என்று கத்தியது! காதுக்குள் போன சத்தம் கையில் பட்டு மறுபடி மெஷினின் மைக்குக்கு வந்துவிட்டது. தாத்தா என்னைப் பார்த்தார். "இது எது? கூட்டலா கழித்தலா?"

"கூட்டல், தாத்தா."

"ம்" என்று கையை எடுத்துவிட்டுக் கேட்டார். முழுப் பாட்டும் கேட்டார். சத்தத்தை ஏற்றச் சொல்லவில்லை.

இப்போது அந்த எக்ஸாமினர் மறுபடி வந்தால் ஃபேனைப் பார்க்க மாட்டேன். பெருக்கியதை ஏன் குறைக்கிறாய் என்று கேட்டால், வெளியே போனது உள்ளே வந்தது போல்தான் இருக்கிறதா என்று ஆம்பிளிபயருக்கே யாராவது சொல்ல வேண்டும் சார், அதற்கான கூலிதான் அந்தக் கெயின் என்பேன். மார்க் போடுவாரா தெரியாது.

இந்த வருஷம் மார்கழியில் தாத்தாவைச் சபாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எந்த வரிசைல உக்காருவோம்? ஸ்பீக்கர் பக்கம் வேணாம்" என்று மட்டும் கேட்டார்.

பி.கு: கணக்கிலோ சர்க்யூட்டிலோ தப்பு இருந்தால் கீழே பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எதிர்ப் பின்னூட்டமாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். ஆனால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், தாமதமானால் என்ன ஆகும் என்றுதான் மேலே பார்த்தோமே :-)